இடப்பக்கத்து விரால்

விரால் செத்துப்போயிருந்ததை நான் பார்த்தபோது காலை ஐந்தே முக்கால். பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே வழக்கம்போலத் தொட்டியைக் குனிந்து பார்த்தேன். நாள் முழுக்க அடியில் மரக்கட்டை மாதிரிப் படுத்துக் கிடக்கும் மீன் அது. மூச்சு வாங்க மட்டும் மேலே வந்துவிட்டுப் போகும். அன்றைக்கு மேலேயே நின்றது. வயிற்று வெளுப்பு ஒரு பக்கம் தெரியச் சாய்ந்து கிடந்தது. கண்ணாடியைத் தட்டினேன். விளக்குமாற்றுக் குச்சியால் குத்தினேன். "ஏய்" என்று அதட்டியும் பார்த்தேன். பதினெட்டு வருஷம் ஒரு பஸ் டிரைவருக்குப் பெண்டாட்டியாக இருந்து கற்றுக்கொண்ட வசவை எல்லாம் வாய்க்குள்ளேயே அதன் மேல் கொட்டினேன். நாலு மாசமாக உனக்கு ஊழியம் பார்த்தேனே, இன்னும் ரெண்டு மாசம் இருந்துவிட்டுச் செத்தால் உனக்கு என்ன கெட்டுப்போயிருக்கும்?

தொட்டிக்கு அந்தப் பக்கம் கட்டிலில் என் வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். முகம் வலப்பக்கச் சுவரைப் பார்த்து இருந்தது. ஏழு மணிக்கு விழிப்பார். விழித்ததும் முதல் வேலையாகக் கழுத்தை இடப்பக்கம் திருப்பி அந்த மீனைத் தேடுவார். எனக்கு ஒன்றேகால் மணி நேரம் இருந்தது.

அவர் பெயர் அழகுபாண்டி. ஆரப்பாளையத்திலிருந்து உசிலம்பட்டிக்கு டவுன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். லீவு கிடைத்தால் வீட்டில் தரிக்க மாட்டார். அதே வண்டிக் கண்டக்டர் செல்வக்குமாரைக் கூட்டிக்கொண்டு, தூண்டிலும் கையுமாகக் கண்மாய் கண்மாயாகப் போய்விடுவார். புழு மாட்டிப் பிடிக்கிற ரகம் இல்லை. ரப்பர் தவளையை எறிந்து, தண்ணீர் மேலேயே துள்ளத் துள்ள இழுத்து, விரால் பாய்ந்து கவ்வுகிற அந்த ஒரு நொடிக்காக உச்சி வெயிலில் நாலு மணி நேரம் நிற்கிற ரகம். தை மாசக் கடைசியில் வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கண்மாயில் முழங்கை நீளத்துக்கு ஒன்றைப் பிடித்தார். ஈரச்சாக்கைப் போட்டு மூடி, வாளியில் உயிரோடு கொண்டுவந்தார். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தங்கமீன் வளர்த்த மூன்றடித் தொட்டி பரணில் கிடந்தது. அதை இறக்கிக் கழுவினார். "கொழம்பு வச்சிரவா?" என்று கேட்டேன். "கைய வச்சே, அம்புட்டுத்தான்" என்றார். அதற்கு ஒன்பதாம் நாள் டியூட்டிக்குக் கிளம்பும்போது, சட்டையில் ஒரு கையை மட்டும் மாட்டிக்கொண்டு நடு வீட்டில் நின்றார். இன்னொரு கையை மாட்டவே இல்லை. அப்படியே சரிந்தார்.

மூளையின் வலப்பக்கத்தில் அடைப்பு என்றார்கள். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு கொஞ்சம் குழறியது, ஆனால் புரிந்தது. கடவுள் புண்ணியம் என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே சூடம் ஏற்றினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அவருக்குக் கையும் காலும் மட்டும் போகவில்லை, இடப்பக்கம் என்கிற ஒன்றே போய்விட்டது என்று. தோசை வைத்தால் வலப்பக்கத்துப் பாதியைத் தின்றுவிட்டு, "ஒரே தோசையோட நிறுத்திட்ட?" என்பார். மீதிப் பாதி தட்டிலேயே இருக்கும். கண்ணில் கோளாறு இல்லை. அந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றாது. இடப்பக்கம் நின்று "என்னங்க" என்று கூப்பிட்டால் வலப்பக்கம் கதவைப் பார்த்து, "ரோகிணி, எங்க நிக்கிற?" என்பார். இருபத்திரண்டு வருஷம் இடப்பக்கக் கண்ணாடியில் படிக்கட்டைப் பார்த்துப் பார்த்து வண்டி எடுத்த மனுஷன்.

அந்தக் கையை அவர் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளவே இல்லை. "யாரோ கைய விட்டுட்டுப் போயிருக்காங்க, எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்பார். ஒரு நாள் ரொம்பத் தீவிரமாக, "செல்வத்தோடதா இருக்கும். அவந்தான் எதையாச்சும் மறந்து வச்சுட்டுப் போறவன்" என்றார். நான் சிரித்தேன். சிரித்ததற்கு அடுத்த வாரமே தண்டனை கிடைத்தது. ஒத்தடத்துக்குக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரைக் கொண்டுவந்து கட்டிலோரம் வைத்துவிட்டுத் துண்டெடுக்கப் போனேன். திரும்பி வந்தால் அந்தக் கை தண்ணீருக்குள் கிடக்கிறது. அவர் என்னைப் பார்த்து, பிள்ளைக்கு இன்றைக்குப் பரீட்சையா என்று கேட்கிறார். மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். தோல் உரிந்து ஆற ஒன்றரை மாசம் ஆனது.

வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிற பெண் பத்மாசினி. மகால் பக்கத்தில் பட்டுநூல்காரர் வீட்டுப் பிள்ளை. ஸ்கூட்டரை நிறுத்தும்போதே அவளுடைய அம்மாவிடம் போனில் அவர்கள் பாஷையில் சண்டை போட்டுக்கொண்டுதான் வருவாள். உள்ளே வந்துவிட்டால் வேறு ஆள். அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். "அக்கா, அந்தக் கை தன்னோடதுன்னு அவர் நம்பினாத்தான் அது அசையும். நம்பாத கைக்கு மூளை வேலை சொல்லாது. மொத ஆறு மாசந்தான் நமக்கு டைம்." தினமும் மூன்று வேளை இடது கையைத் தூக்கி அவர் பார்வை படுகிற பக்கம் வைக்க வேண்டும். யாருடையது என்று கேட்க வேண்டும். இல்லை என்பார். சண்டை போடக் கூடாது. தோளிலிருந்து ஆரம்பித்து, முழங்கை, மணிக்கட்டு, விரல் என்று அவர் வலது கையாலேயே தடவிக்கொண்டு வரச் செய்து, "உங்க கைதாங்க" என்று சொல்ல வேண்டும். சித்திரை மாசம் ஒரு நாள், விரல் நுனிவரை தடவிவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். "எனக்கு அப்பிடித் தெரியல. ஆனா நீ சொன்னாச் சரி" என்றார். பத்மாசினி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அக்கா, இது போதும். அவர் கண்ணை அவர் நம்பல, உங்களை நம்புறார். அதைப் பிடிச்சுக்குவோம்."

கழுத்தைத் திருப்பியது மட்டும் நானும் இல்லை, அவளும் இல்லை, விரால்தான். வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரம் நான் மோர் கலக்கிக்கொண்டிருந்தேன். தொட்டி அப்போது அவருக்கு இடப்பக்கம் சும்மா கிடந்தது. அதற்கு யாரும் தீனி போட்டோமா என்றுகூட எனக்கு நினைவில்லை. விரால் மேலே வந்து மூச்சு வாங்கியது. 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம், தண்ணீர்க் குழாயில் காற்று வெடித்த மாதிரி. "விரால் மூச்சு வாங்குது" என்று சொல்லிக்கொண்டே இவர் கழுத்தைத் திருப்பினார். ஜன்னலைத் தாண்டி, காலண்டரைத் தாண்டி, இடப்பக்கம் முழுசாக. மோர்ப் பாத்திரத்தைப் போட்டுவிட்டேன். ஐம்பது தடவை தாடையைப் பிடித்துத் திருப்பியும் வராத கழுத்து. அதற்கப்புறம் பத்மாசினி சொன்னபடி வாரம் ஒரு சாண் கட்டிலை நகர்த்தி நகர்த்தித் தொட்டியை இன்னும் இடப்பக்கமாகக் கொண்டுபோனோம். அவரும் இன்னும், இன்னும் என்று திரும்பினார். தொட்டியைப் பார்த்ததோடு தட்டில் மீதித் தோசையையும் ஒரு நாள் பார்த்துவிட்டார்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிந்தது. அதே இடத்தில் நின்று நான் கூப்பிட்டால் சுவரைப் பார்க்கிற மனுஷன், ஒரு மீன் கொட்டாவி விட்டால் திரும்புகிறார். அந்த எரிச்சலோடுதான் அந்த மீனுக்கு ஊழியம் பார்த்தேன். குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை, போர்த் தண்ணீரோ உப்பு. டிரம்மில் ரெண்டு நாள் பிடித்துவைத்து வாடை போனபிறகு ஊற்றுவேன். கடையில் விற்கிற உருண்டைத் தீனி ஊறி அழுகியது, தொடவில்லை. உயிரோடு நீந்துவதைத்தான் தின்னும். செல்வக்குமார் கண்மாயில் கெண்டைக் குஞ்சுகளை அரித்து, தண்ணீர் பாட்டிலில் போட்டு, பஸ்ஸில் தன் சீட்டுக்கு அடியிலேயே வைத்துக் கொண்டுவந்து தருவான். சித்திரை வெயிலில் கண்மாய்கள் வெடித்துவிட்டன. கலர் மீன் கடையில் கப்பிக் குஞ்சு வாங்கினேன். மூன்று தின்றது, அப்புறம் அவை அதன் மூக்குக்கு மேலேயே விளையாடின, வாயைத் திறக்கவில்லை. கண்ணாடியில் முட்டி முட்டி மூஞ்சி புண்ணானது. கண்ணாடியில் தெரிகிற தன் நிழலோடு மோதுகிறதோ என்று நினைத்து, ரவிக்கைக்கு வைத்திருந்த கறுப்பு லைனிங் துணியை வெட்டி மூன்று பக்கமும் ஒட்டினேன். புண்ணில் பஞ்சு மாதிரிப் பூத்தது. கல்லுப்புப் போட்டேன். வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று எதிர்வீட்டு முருகம்மாள் கேட்டால், "இன்னைக்கும் ஒண்ணும் திங்கல" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வேன்.

வைகாசிக் கடைசியில் இடது கையில் ஈரத்துணியைக் கொடுத்துப் பிழியச் சொன்னபோது கட்டைவிரல் அசைந்தது. ஒரே ஒரு தடவை. பத்மாசினியும் பார்த்தாள், நானும் பார்த்தேன். அவர் மட்டும் பார்க்கவில்லை. அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் இந்தச் சனியன் மேலே மிதந்தது.

செல்வக்குமாருக்குப் போன் போட்டேன். முதல் ட்ரிப்புக்கு ஆள் மாற்றிவிட்டு, காக்கிச் சட்டையோடு ஆறே முக்காலுக்கு வந்து நின்றான். கையில் மூடி போட்ட வாளி. உள்ளே அதே நீளத்துக்கு ஒரு விரால். குளம் வெட்டி வளர்த்து விற்கிறவர்களிடம் வாங்கியது. நான் செத்ததை எடுத்துப் பழைய துண்டில் சுருட்டினேன். எலும்பும் தலையுமாக இருந்தது. அவன் அதைத் தன் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டான். புதுசைத் தொட்டியில் விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"மதினி, அண்ணே கண்டுபிடிச்சிருவாரு."

"கையக் கண்டுபிடிக்கத் தெரியாதவருக்கு மீனத் தெரியப்போகுதாக்கும்" என்றேன்.

அவன் என்னைப் பார்க்காமலே வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். சொன்ன வாயை அப்போதே தைத்திருக்க வேண்டும்.

ஏழு மணிக்கு விழித்தார். தலையணையை நிமிர்த்தி உட்கார்த்தினேன். கழுத்து மெதுவாகத் திரும்பி, ஜன்னலைத் தாண்டி, காலண்டரைத் தாண்டி, தொட்டியில் போய் நின்றது. புது விரால் அவர் முகம் திரும்பியதும் முன் கண்ணாடிக்கு ஓடி வந்து வாயைத் திறந்தது. மனுஷ நிழலைப் பார்த்தால் தீனி வரும் என்று வளர்ந்த மீன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது என் மீன் இல்ல" என்றார்.

கையைச் சொல்வாரே, அதே குரல். கோபமோ வருத்தமோ இல்லாமல், தபால்காரர் பக்கத்து வீட்டுக் கடிதத்தைக் கொடுத்துவிட்டால் சொல்கிற மாதிரி. எனக்கும் நாலு மாசப் பழக்கம். யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"உங்க மீனுதாங்க."

"என் மீன் ஆளப் பாத்தா வராது."

"பழகிருச்சு."

பத்து மணிக்குப் பத்மாசினி வந்ததும் அவளிடமும் சொன்னார். "மேடம், மீன மாத்திட்டாங்க." அவள் முகம் சுண்டிவிட்டது. தொட்டியை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கு எல்லா விராலும் ஒன்றுதான். என்னை வாசலுக்குக் கூட்டிப்போனாள். "அக்கா, கையில இருந்தது இப்ப மீனுக்கும் தாவியிருக்கு. இப்பிடி ஒண்ணொண்ணா என்னோடது இல்லன்னு சொல்ல ஆரம்பிச்சா கஷ்டம். டாக்டர்ட்டச் சொல்லிருங்க. அதுவரைக்கும் கைக்குச் செஞ்சதையே மீனுக்கும் செய்ங்க. அவர் உங்களைத்தான் நம்புறார்." ஸ்கூட்டரில் ஏறும்வரை அவள் கூடவே நின்றேன். அவர் சொன்னதுதான் சரி, நான்தான் மாற்றினேன் என்று சொல்ல நாலு வார்த்தை போதும். சொல்லவில்லை. மீன் விஷயத்தில் நான் பொய் சொன்னேன் என்று அவருக்குத் தெரிந்தால், கை விஷயத்தில் எதை வைத்து என்னை நம்புவார்? ரெண்டையும் என் ஒரே வாய்தான் சொன்னது.

அதனால் மூன்று வேளை கைக்கு, மூன்று வேளை மீனுக்கு. தலையைப் பாருங்க, முதுகைப் பாருங்க, வாலைப் பாருங்க, உங்க மீனுதாங்க. அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கையைப் பற்றி வாதாடும்போது பிள்ளை மாதிரிப் பேசுகிறவர், மீனைப் பற்றி வக்கீல் மாதிரிப் பேசினார்.

"வால்ல கீழ்ப்பக்கம் ஒரு வெட்டு இருந்துச்சே?"

"வளந்து மூடிருச்சு."

"மேல் உதட்டுல தூண்டி ஏறின தழும்பு?"

"ஆறிருச்சுங்க."

"நெறம் இம்புட்டு வெளுப்பா இருக்காதே."

"வீட்டுத் தண்ணில வெளுத்துருச்சு."

எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. இத்தனை பொய் எனக்குள் எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஆறாம் நாள் காலையில் மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வலப்பக்கம்தான் நின்றிருந்தேன். "நீ சொன்னாச் சரி" என்றார். நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அவர் ஒப்புக்கொண்டதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை.

அதற்கப்புறம் அவர் தொட்டிப் பக்கம் தானாகத் திரும்புவதை நிறுத்திவிட்டார். திருப்பினால் திரும்புவார். எதையும் தானாகப் பார்த்து முடிவு செய்வதையே விட்டுவிட்டார். காப்பியைக் கொடுத்தால், "இது சூடா இருக்கா?" என்று என்னைக் கேட்பார். கையில் டம்ளர் இருக்கும். வெளியே வெயில் கொளுத்தும்போது, "விடிஞ்சிருச்சா?" என்பார். செல்வக்குமார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எதிரில் உட்கார்ந்து, டிப்போக் கதையெல்லாம் சொல்லி, அண்ணே அண்ணே என்று நூறு தடவை கூப்பிட்டான். இவர் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இது செல்வந்தானா?" என்று கேட்டார். அவன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். நான் பின்னாலேயே போனேன். செருப்பை மாட்டத் தெரியாமல் மாட்டிக்கொண்டிருந்தான்.

"சொல்லிருங்க மதினி. கை போனா போகட்டும். ஆளு போயிட்டிருக்காரு" என்றான்.

"நீ ஆம்பள, சொல்லிட்டு வண்டி ஏறிருவ" என்று எரிந்துவிழுந்தேன். "ஆறு மாசம் முடிய இன்னும் ஒன்றர மாசம் இருக்கு. அந்தக் கட்டவெரல் அசஞ்சத நீயா பாத்த?"

சொல்லிவிட்டேனே தவிர, அந்தக் கட்டைவிரலும் அதற்கப்புறம் அசையவே இல்லை. பத்மாசினி தினமும் துணியைக் கொடுத்துப் பார்த்தாள். "உங்க கைதானே சார்?" என்றால், "ரோகிணி சொன்னா" என்பார். முன்னே தடவிப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்வார். இப்போது பார்க்காமலே சொல்கிறார். அவள் நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பாள். நான் தொட்டியைப் பார்ப்பேன். அந்த விரால் தின்று தின்று பெருத்துக்கொண்டிருந்தது. எதைப் போட்டாலும் தின்றது. உருண்டைத் தீனி, கோழிக் குடல், சோற்றுப் பருக்கை. அது வாயைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அதை அடித்துக் குழம்பு வைக்க வேண்டும் போலக் கை பரபரத்தது.

ஆனி மாசம் இருபத்தி நாலாம் தேதி. சாயங்காலம் நாலு மணி இருக்கும். கரண்ட் இல்லை. பனை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தேன். அவர் தன் வலது காலை மடக்கினார், நீட்டினார். மறுபடி மடக்கினார். அந்தக் கால் நன்றாக இருக்கிற கால். அவர் எழுந்து நிற்பதே அந்தக் காலில்தான். அதன் மேல் வலது கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ரோகிணி, இந்தக் காலு என்னோடதா?"

எனக்கு விசிறி கையை விட்டு விழுந்துவிட்டது. "ஐயோ, என்னங்க இப்பிடிக் கேக்குறீங்க?"

"எனக்கு என்னோடது மாதிரிதான் இருக்கு. மீனும் எனக்கு வேற மாதிரித்தான் இருந்துச்சு. நீ என்னோடதுன்ன. அப்ப எனக்குத் தோணுறதெல்லாம் தப்புதான? அதான் கேக்குறேன்."

அவர் குரலில் மனக்குறையே இல்லை. பாடம் கேட்கிற பிள்ளையின் குரல். நான் கட்டிலைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. வலப்பக்கம் நின்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான். கட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்தால் அவருக்கு நான் இல்லை. இல்லாத ஆளாக இருந்து சொல்லிவிடலாம் என்று நினைத்தேனோ என்னவோ.

"மீன் உங்களுது இல்லங்க."

அவர் சுவரைப் பார்த்து, "என்னது?" என்றார்.

"உங்க மீனு செத்துப்போச்சு. இது செல்வம் வாங்கிட்டு வந்து விட்டது. வளர்ப்பு விரால். மொத நாளே நீங்க சொன்னது சரி. நாந்தான் பொய் சொன்னேன். வாலு, உதடு, நெறம், நான் சொன்னது எல்லாமே பொய்யிங்க. அந்தக் காலு உங்க காலு. உங்களுக்குத் தோணுனது எதுவும் தப்பு இல்ல."

மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவர் கழுத்து திரும்ப ஆரம்பித்தது. விரால் சத்தம் எதுவும் போடவில்லை, நானும் தாடையைத் தொடவில்லை. ஜன்னல், காலண்டர், கட்டில் சட்டம். தொட்டிக்குப் போகாமல் நடுவிலேயே நின்று என் முகத்தைப் பார்த்தார்.

"என்னைக்கு?"

"ஆனி பொறந்து மூணாம் நாளு."

"திங்காமத்தான செத்துச்சு?"

"ஆமாங்க. நான் எம்புட்டோ பாத்தேன்."

"கண்மாய் மீனு தொட்டிக்குள்ள திங்காது. நாந்தான் முட்டாப்பய. நாலு நாளு கண்ணுக்கு முன்னால வச்சுப் பாத்துட்டு, மறுபடி அங்கனயே கொண்டுபோய் விட்றணும்னு நெனச்சேன். நாலு ஒம்போதாச்சு. அதுக்குள்ள நான் படுத்துட்டேன்." அவர் தொட்டியைப் பார்த்தார். வாயோரம் கோணிக்கொண்டு சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "வெராலா இது? ஆளப் பாத்ததும் வால ஆட்டிக்கிட்டு ஓடியாருது. என் மீனு ஒரு நாளாச்சும் மொகங்குடுத்து நான் பாத்திருக்கேனா? முதுகு மட்டுந்தான் காட்டும். அந்த முதுகு கறுகறுன்னு இருக்கும், ஓரத்துல லேசா மஞ்ச. மொதப் பார்வையிலயே தெரிஞ்சிருச்சு எனக்கு. இருபது வருசமா வெரால் பாக்குறேன், எனக்குத் தெரியாதா?"

குழறலே இல்லாமல் பேசினார். டிப்போவில் நாலு பேரை நிறுத்திவைத்துப் பேசுவாரே, அந்தப் பேச்சு. மாசிக்குப் பிறகு அப்படி ஒரு பேச்சை நான் கேட்கவில்லை. வலது தொடையில் தானே ஒரு அடி அடித்தார். "என் காலுதான். எவன் இல்லங்கிறது?" நான் முந்தானையால் மூஞ்சியைப் பொத்திக்கொண்டு சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. மூன்று வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. போகட்டும், எல்லாம் போகட்டும், ஆள் வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

முந்தானையை எடுத்துப் பார்த்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. வலது கை வயிற்றின் மேலாக ஊர்ந்து இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. போர்வையைத் துழாவி இடது மணிக்கட்டைப் பிடித்தது. கனமான சாமானைத் தூக்குவது போல அதைத் தூக்கி, கட்டில் சட்டத்தைத் தாண்டிக் கொண்டுவந்து, என் மடியில் வைத்தது.

"அப்ப இது?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன்.

"மீனுக்குச் சொன்ன மாதிரிச் சொல்லாத ரோகிணி. இப்ப நெசத்தச் சொல்லு. இது யாருது?"

கை என் மடியில் மல்லாந்து கிடந்தது. வெந்நீர் பட்ட இடத்தில் தோல் இன்னும் வெளுத்துப் பளபளவென்று இருந்தது. வீக்கத்தில் மோதிரத்தை வெட்டி எடுத்த விரலில் பள்ளம் அப்படியே இருந்தது. நேற்றுத்தான் நகம் வெட்டியிருந்தேன். சூடாக இருந்தது. இது உங்க கைதாங்க. இந்த ஒரு வார்த்தைதான் எனக்குத் தெரியும். இதே வார்த்தையை, இதே குரலில், முகத்தை இப்படியே வைத்துக்கொண்டுதான் மீனுக்கும் சொன்னேன். நெசத்துக்கென்று வேறு ஒரு குரல் இருந்தால் அதை எங்கே வைத்தேன் என்று தேடினேன். என் முதுகுக்குப் பின்னால் விரால் நிழலைக் கண்டு வந்து கண்ணாடியில் வாயை முட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.